படகு தானாக ஓடியது ஏன்

அன்புள்ள க்ரெகருக்கு அம்மா எழுதுவது. டண்டீயில் நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், வான்கூவரில் நீயும் ஹெதரும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை, டாக்டரிடம் போகச் சொன்னால் கேட்பதில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நூலகத்தில் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் கண்காட்சி வைக்கிறார்கள், உன் 'படகுக்காரன்' விளையாட்டை ஓடவிட ஒரு மெஷின் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ரப்பர் பட்டன் மெஷினுக்கு ஃபாக்டரி லைனில் உட்கார்ந்து ஈயம் வைத்தவள் நான், நானே செய்து தருகிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். பழசைப் பார்த்து அப்படியே அச்சடித்த புது போர்டு இப்போது விற்கிறார்கள், வாங்கி, கண்ணுக்குப் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் பாகங்களை ஒவ்வொன்றாக ஈயம் வைத்து ஒட்டினேன். கை இன்னும் வேலையை மறக்கவில்லை. நீ என்னிடம் கொடுத்து வைத்த முதல் கேசட்டைத்தான் போட்டேன், லேபிளில் உன் கையெழுத்தில் 'நான் தனியாக எழுதியது' என்று இருக்குமே அதை. முதலில் விளையாட்டு மெஷினில் ஏறவே இல்லை, டேப் ரெக்கார்டர் ஒலியைக் கூட்டிக் குறைத்து ஒருவழியாக ஏறியது. ஏறியும் என்ன, யாரும் பட்டனைத் தொடாமலே படகு தானாக வலது பக்கம் ஓடிக் கரையில் மோதி உடைந்தது. திரும்பப் போட்டாலும் அதேதான். பட்டன் தகட்டை இரண்டு தடவை மாற்றினேன், சிப்பை மாற்றினேன், மூன்று வாரம் போனது. அப்பா, விட்டுத் தொலை நெட்டா, அதுக்கும் வயசாச்சு உனக்கும் வயசாச்சு என்றார்.

கடைசியில் மாடி வீட்டில் இருந்தாளே மோர்வென் பெட்ரி, அவளைத்தான் கூப்பிட்டேன். அந்தக் காலத்தில் இதை நோண்டிக்கொண்டிருந்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது. இப்போது பஸ் ஓட்டுகிறாள். யூனிஃபார்மோடு வந்து நின்றபடியே படகு மோதுவதைப் பார்த்தாள், சிரித்தாள். பட்டன்ல ஒண்ணுமில்ல ஆன்ட்டி, யாரும் தொடாம இருக்கறப்ப முதல்ல வந்த போர்டு ஒரு நம்பர் சொல்லும், அப்புறம் வந்த போர்டு வேற நம்பர் சொல்லும், நீங்க செஞ்சிருக்கறது பின்னாடி வந்தது, அதான் யாரோ அழுத்திக்கிட்டே இருக்காங்கன்னு நினைச்சுக்குது என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். விளையாட்டை வாங்கின கம்பெனிக்காரங்க இதே புகாரைச் சொல்லி லெட்டர் போட்டாங்க, க்ரெகர் மூச்சிரைக்க மாடியேறி வந்தான், நான்தான் ஒரு வரி மாத்திக் குடுத்தேன், எழுதினவளுக்குத் தெரியாதா, எங்கப்பா வச்சிருந்தது முதல் போர்டு என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்கு நான் கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்தது பின்னாடி வந்த மூன்றாவது போர்டு, என் கையாலேயே ஈயம் வைத்தது. ஆறு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு என் மெஷினிலேயே எழுதினேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய். இந்தக் கேசட்டில் இருக்கிற விளையாட்டு உன் மெஷினில் ஒரு நாளும் ஓடியிருக்காது க்ரெகர். பேர் போடச் சொல்லிக் கேட்கலையா என்றேன் அவளிடம். கேட்டேனே, பொண்ணு பேர் போட்டா எவனும் வாங்கமாட்டான், அடுத்ததுல போடறேன்னான், அப்ப எனக்குப் பதினாலு வயசு, நம்பிட்டேன் என்றாள்.

உன் பேரோடு விளம்பரம் வந்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நம் வாசலில் வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவளுக்கும் இருக்கும். பொறாமை பிடிச்சவளே, என் பையன் நல்லா வர்றது பொறுக்கலையா, படியிறங்கு என்று விரட்டியவள் நான். நீ உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் மெஷினைத் தொடவே இல்லையாம், அவள் அப்பா அதை யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.

பழைய போர்டில் அந்த நம்பரைத் தீர்மானிக்கிற இடத்தில் என்ன ரெசிஸ்டர் இருந்தது என்று என் விரலுக்கே தெரியும். அவள் எதிரிலேயே மாற்றினேன். படகு அசையாமல் நின்றது. விளையாடேன் மோர்வென் என்றேன், வேண்டாம் என்றாள். மன்னிச்சுக்கோ என்று அவள் கையைப் பிடித்தேன். அதை இப்ப வாங்கி நான் எங்க வச்சுக்கறது ஆன்ட்டி, வண்டி எடுக்க நேரமாச்சு என்று கையை விடுவித்துக்கொண்டு போனாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளே நூலகத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் சொல்லி, கண்காட்சி அட்டையில் எழுதியவர் மோர்வென் பெட்ரி என்று மாற்றச் சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையை ஊர் சிரிக்க வைக்கிறாயே என்று அப்பா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை, தானே முட்டை வேகவைத்துத் தின்கிறார். பேசாமல் இருக்கட்டும்.

உனக்கும் ஹெதருக்கும் நோய்நொடி வரக்கூடாது, குழந்தைகள் பயமில்லாமல் வளர வேண்டும், கடவுளிடம் அதை நான் நிறுத்தாமல் கேட்பேன். வரும் பதினாலாம் தேதி கண்காட்சி திறக்கிறார்கள், பத்திரிகையிலிருந்து உன்னைக் கூப்பிடுவார்கள். சின்ன வயசு, மறந்துபோச்சு என்று மட்டும் சொல்லாதே. நீ அப்படிச் சொன்னால், வாசலில் நடந்ததை நான் சொல்வேன்.

உன்னைப் பெற்றவள்,
நெட்டா ரென்னி