ருஜ்ஜினே என்றால் கறளாம், அன்ரன்

என் கூடப் பிறந்த குஞ்சே, அன்ரன்,

உன் கார் போய்விட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கதைத்தால் உனக்குப் பிடிக்காது. போன கிழமை ஒரு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தேன்.

இந்தக் கடிதத்தை எங்கள் கோயில் கிறிஸ்து பிறப்புக்குப் போடுகிற நத்தார் மலரில் போடும்படி பாதரிடம் கொடுக்கப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லுவதா என்று இந்தச் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிற எங்கள் சனம் கேட்கும். கேட்கட்டும். ஒன்பது வருடத்துக்கு முன் உன்னைப் பற்றி நான் நாலு பேர் முன்னால் ஒரு பொய் சொன்னேன். அது பொய் என்று உன்னிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நீ இடம் கொடுக்கவில்லை என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கேட்க முயன்றேனா என்பது வேறு கதை.

ஒவ்வொரு நத்தாருக்கும் உனக்கு ஒரு செய்தி அனுப்புவேன், ஞாபகம் இருக்கிறதா? ‘தம்பி, நத்தார் வாழ்த்துக்கள். சாப்பிட்டியா?’ அவ்வளவுதான். இரண்டு நீலக் கோடு விழும். நீ பார்த்துவிட்டாய் என்று தெரியும். பதில் வராது. போன நத்தாருக்கு அனுப்பியபோது பத்து நிமிடத்தில் உன் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. “தம்பி!” என்று நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்திருக்கிறாள்.

“அக்கா, நான் சூசை. அன்ரன் அண்ணையோடை ஒரே வீட்டிலை இருந்தனான்” என்றது ஒரு குரல்.

உன்னைப் புதைத்து அப்போது மூன்று கிழமை ஆகியிருந்தது.

“அண்ணைக்கு ஒரு அக்கா இருக்கிறா எண்டு எங்கள் ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப ஃபோனிலை ‘அக்கா’ எண்டு விழுந்த பிறகுதான் தெரியும். குறை நினையாதேங்கோ” என்று அந்தப் பிள்ளை அழுதது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிந்துவிட்டது என்றான். நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். எனக்குச் சொல்ல என் வீட்டில் ஆள் இல்லை. பண்டிகைக்கென்று நாலைந்து பலகாரம் செய்து மேசையில் வைத்திருந்தேன். அவற்றை எடுத்து உள்ளே வைத்தேன்.

குளிர்காலத்தில் நீ இத்தாலியின் வடக்கில் நகரசபையின் உப்பு லொறி ஓட்டினாய் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மன்னாரில் உப்பளம் பார்த்து வளர்ந்தவன் நீ. உப்பைத் தெருவில் கொட்டுவதற்குச் சம்பளம் தருகிற நாடு ஒன்று இருக்கிறது என்று சொன்னால் அம்மா நம்பியிருப்பாவா? பனி உறைந்த தெருவில் உப்பைப் போட்டால் அது கரைந்து ஓடும், வாகனம் வழுக்காது என்று சூசை விளங்கப்படுத்தினான். உன் வேலையை ஒரு அந்நியன் எனக்குப் படிப்பித்தான்.

தை மாதம் அவனே உன் காரை ஜெனோவாவில் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து தந்தான். வெள்ளைக் கார், ஒரு கீறல் இல்லை. நான் இந்த வயதில் லைசென்ஸ் எடுத்து நாலு வருடம் ஆகிறது. நீ இருந்திருந்தால் தெருவில் நிற்கிறவர்களை ஓடி ஒளியச் சொல்லியிருப்பாய். உன் கால் நீளம். நீ பின்னுக்குத் தள்ளி வைத்திருந்த சீற்றை முன்னுக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஓட்டினேன். கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவப் போனபோதும் அதில்தான் போனேன். போகவர உன்னோடு கதைப்பேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். நான் ஃபோனில் கதைப்பதாக நினைத்திருப்பார்கள்.

ஐப்பசியில் காரைப் பரிசோதனைக்கு விட வேண்டியிருந்தது. கால்சாவில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன்.

இந்த இடத்தில் நீ சிரிக்கப் போகிறாய். சிரி. நீ மூன்று மாதத்தில் இத்தாலியன் பிடித்தவன். நான் படித்தது லிபெர்த்தாத் தெரு வீட்டு எசமானி, சிஞ்ஞோராவின் குசினியில். ஆம், அதே சிஞ்ஞோராதான். நான் இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறேன். அவவுக்கும் அவவின் தங்கைக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ‘எனக்கும் அவளுக்கும் இடையில் ருஜ்ஜினே’ என்பா. அது என்ன என்று ஒருநாள் கேட்டேன். நெஞ்சில் கையை வைத்து, புளியங்காய் கடித்த மாதிரி முகத்தைச் சுளித்துக் காட்டினா. மனக்கசப்பு என்று நான் பிடித்துக்கொண்டேன். அதே சொல்தான் இரும்புத் துருவான கறளுக்கும் என்று எனக்கு யார் சொல்வது? அந்த வீட்டில் ஒரு கரண்டியைக்கூட நான் கறள் பிடிக்க விட்டதில்லை.

மெக்கானிக் வயதான மனிதர். காரை மேலே தூக்கி, கீழே போய் நின்று பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தார்.

“சிஞ்ஞோரா, இங்கே நிறைய ருஜ்ஜினே இருக்கிறது. பழைய ருஜ்ஜினே” என்றார்.

இவருக்கு எப்படித் தெரியும்? சூசை ஏதும் காகிதத்தில் எழுதி வைத்தானா?

“ஓம். ஒன்பது வருடம்” என்றேன்.

“மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிட்டது.”

“தெரியும். பிழை என்னில்தான். அவன் என் தம்பி. கதைக்காமலே செத்துப் போனான்.”

அந்த மனிதர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, “நான் இரும்பைச் சொன்னேன், சிஞ்ஞோரா” என்றார். என்னைக் காருக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய், ஒரு திருப்புளியால் அடித்தட்டைக் குத்திக் காட்டினார். திருப்புளி உள்ளே போனது. கறள் பொருக்குப் பொருக்காக என் சப்பாத்தில் விழுந்தது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன். அந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டபோதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

வடக்கிலிருந்து வரும் கார்களுக்கு இதுதான் வருத்தமாம். உப்பும் பனித்தண்ணியும் சில்லில் அடித்து அடியில் ஒட்டிவிடும், கழுவாமல் விட்டால் இருந்து தின்னும் என்றார். அவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கையை விரித்தார். “எங்கிருந்து? இங்கிருந்தும்தான். எங்கள் சிசிலி மலைக்குள் வெட்டுகிற உப்பு வடக்குக்குப் போகிறதே.” நான் இருக்கிற தீவின் உப்பையா நீ அள்ளித் தெருவில் போட்டுக்கொண்டிருந்தாய்? அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

வெல்டிங் செய்து தரச் சொல்லிக் கெஞ்சினேன். கறள் இல்லாத இரும்பு கொஞ்சமாவது இருந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும் என்றார். “இதை ஓட்ட விட்டால் நான் பாவம் செய்தவன் ஆவேன்” என்றும் சொன்னார்.

அன்றைக்கே சூசையைக் கூப்பிட்டு ஏசினேன். “அவன் காரைக் கழுவுறேல்லையோ? நீயாவது சொல்லியிருக்கக் கூடாதோ?”

“சொன்னனான் அக்கா. லொறியை ஒவ்வொரு நாளும் அடியிலை தண்ணி அடிச்சுக் கழுவுவார். என்ரை சைக்கிளையும் கழுவித் தருவார். தன்ரை காரை மட்டும் விட்டிட்டார். ‘இது எங்கை போகப் போகுது’ எண்டு கேப்பார்.”

எங்கே போகப் போகிறது. வருவதற்கு உனக்கு ஒரு வீடு இருந்ததே, அன்ரன். அந்த வீட்டுக் கதவை உனக்கு அடைத்தவள் நான்.

இனி அந்தப் பொய்யைச் சொல்லுகிறேன். வாசிக்கிற சனத்துக்கும் விளங்கட்டும். சிஞ்ஞோராவின் புருஷனைப் பார்த்துக்கொள்ள உன்னை நான்தான் அந்த வீட்டில் சேர்த்துவிட்டேன். பெரியவருக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி. இனிப்பென்றால் உயிர். அன்றைக்குக் கீழே போய் ஒரு கிரனீத்தா வாங்கி வா, ஐஸ் தின்ன வேணும் என்று குழந்தை மாதிரி உன்னிடம் அழுதிருக்கிறார். நீ இரங்கிப் போனாய். பத்து நிமிடம். அவர் தானே எழுந்து நடக்கப் பார்த்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். சிஞ்ஞோரா, மகன், மருமகள், டாக்டர் எல்லாரும் நின்றார்கள். நீ வாய் திறக்க முதல் நான் திறந்தேன். “மன்னித்துக்கொள்ளுங்கள், இவன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், கவனம் இல்லாதவன்” என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

வீட்டுக்கு வந்ததும், “அக்கா, அவர்தான் போகச் சொன்னவர்” என்றாய்.

“எனக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு இரு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு அம்மா சொல்லித் தரேல்லையோ?”

“அவையின்ரை சாப்பாட்டுக்கு உப்புப் போடுறது நாங்கள் அக்கா” என்றாய் நீ.

எனக்குக் கோபம் வந்தது. நீ சொன்னது சரி என்பதால்தான் வந்தது. கவனம் இல்லாதவனா நீ? அம்மாவின் கடைசி மாதங்களில் இரவில் நாலு தரம் எழும்பி அவவைத் திருப்பிப் படுக்க வைத்தவன். வேலை போய்விடும் என்ற பயத்தில் உன்னை விற்றேன். அடுத்த கிழமை நீ பையைத் தூக்கிக்கொண்டு வடக்குக்குப் போனாய்.

கராஜுக்குப் போய் வந்த மறுகிழமை சிஞ்ஞோராவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். வேலை போனால் போகட்டும். என்றாலும், எனக்கு இனி யார் புது வேலை தருவார்கள்? பெரியவர் செத்து ஐந்து வருடம். அவ தனியாக ஜன்னலோரம் இருந்தா. முன்னால் போய் நின்று, “அன்றைக்கு என் தம்பியில் பிழை இல்லை. உங்கள் புருஷன்தான் அவனைக் கடைக்கு அனுப்பினவர். அது தெரிந்துகொண்டே நான் அவனைக் குறை சொன்னேன்” என்றேன்.

“அது எனக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரியில் வைத்தே அவர் சொல்லிவிட்டார்” என்றா சிஞ்ஞோரா.

“ஏன் எனக்குச் சொல்லவில்லை?”

“நீ கேட்கவில்லையே. உன் தம்பி நல்ல வேலை கிடைத்துப் போனான் என்று நினைத்தேன். எங்கே இப்போது, சுகமாக இருக்கிறானா?”

செத்துவிட்டான் என்றேன். ஐயோ என்று கையைப் பிடித்தா. நல்ல மனுஷிதான். கொஞ்ச நேரம் போக, கோப்பி போடச் சொன்னா. போட்டுக் கொடுத்தேன்.

பார்த்தாயா? நீ பலெர்மோவை விட்டுப் போக முதலே அந்த வீட்டில் உன்னை யாரும் குற்றவாளி என்று நினைக்கவில்லை. எந்த வேலைக்குப் பயந்தேனோ அது போகவே போகாத வேலை. நான் ஒரு சொல் அன்றைக்கு அவவிடம் சொல்லியிருந்தால், ஒரு சொல் அவ எனக்குச் சொல்லியிருந்தால்! அவவை நான் ஏன் குறை சொல்ல வேண்டும்? அவவுக்கு நீ வேலைக்கு வந்துபோன ஒரு பிள்ளை. எனக்குத்தானே தம்பி.

அன்று பின்னேரமே மெக்கானிக்கிடம் போய்க் காரை உடைக்கக் கொடுக்கச் சொன்னேன். நீ ஓட்டிய கார் என்று வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான். உனக்கு அதனால் ஒன்றும் இல்லை.

உன் முதலாம் ஆண்டுப் பூசைக்கு அங்கே வருகிறேன். ரயிலுக்குப் பதிந்தாகிவிட்டது. உன்னைத் தெரிந்தவர்கள் வருவார்களா என்று சூசையிடம் கேட்டேன். “வருவினம் அக்கா, லொறிக்காரர், பார் வைச்சிருக்கிறவர், எல்லாரும். ஆனா தமிழ் ஒருத்தருக்கும் விளங்காது” என்றான். விளங்கத் தேவையில்லை, நான் இத்தாலியனில் சொல்லுவேன் என்றேன். பூசையில் நெஞ்சில் தட்டி, என் பாவமே என் பாவமே என்று எல்லாரும் சேர்ந்து சொல்லுகிற இடம் ஒன்று உண்டல்லவா? அந்தச் சத்தத்துக்குள் ஒளித்துச் சொல்லிவிட்டுத் தப்பிவர மாட்டேன். பூசை முடிய, பாதரிடம் கேட்டு, முன்னுக்குப் போய் நிற்பேன். அன்ரன் கவனம் இல்லாதவன் என்று நான் சொன்னது பொய், அவன் பத்து நிமிடம் இரக்கப்பட்டவன், பிழை என்னுடையது என்று சொல்லுவேன். இலக்கணம் பிழைக்கும். பிழைக்கட்டும்.

ஆனால் அதற்கு முதல் இன்னொரு வசனம் சொல்ல வேண்டும், குஞ்சு. நான் யார் என்று அவர்கள் கேட்பார்கள். சாகும்வரை நீ ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை, உன்னிடம் கேளாமலே நான் சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
அன்ரனின் அக்கா