வலப்பக்க நாற்காலி

டிம்மின்ஸ், ஒன்டாரியோ
பிப்ரவரி 17

அன்புள்ள அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். தொலைபேசியில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் சுரங்க முகாமுக்குக் கடிதம்.

தீராத வலியுள்ளவர்கள் வியாழன்தோறும் நூலகத்தில் கூடிப் பேசும் வலிக்குழுவுக்கு, லீவில் வந்திருந்த உங்களை அம்மா கெஞ்சி அழைத்துப் போனாள்; நானும் கூட வந்தேன். குழுவை நடத்தும் பெர்ன் முதலிலேயே விதியைச் சொன்னார்: ஒருவர் தன் கதையைச் சொன்னதும், அவருக்கு வலப்பக்கம் இருப்பவர் அதையே ‘நான்’ என்று தொடங்கித் திருப்பிச் சொல்ல வேண்டும். காதுகொடுத்துக் கேட்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஜனவரியில் துணிக்கூடையோடு ஏறும்போது முதுகு பிடித்துக்கொண்டதையும், நான் பள்ளியிலிருந்து வரும்வரை இரண்டு மணி நேரம் படியிலேயே கிடந்ததையும் அம்மா சொன்னாள்.

வலப்பக்கம் இருந்த நீங்கள் அம்மாவாகத் திருப்பிச் சொன்னது இது: “நான் லிசெட். நாள் பூரா சோபாவுல படுத்திருப்பேன். புருஷன் லீவுல வந்தா மட்டும் வலி வந்துடும்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வியாழன் போய்விட்டன. அம்மா குழுவுக்குப் போகவில்லை. வாரத்தில் அவள் மனம்விட்டுப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள். எனக்கு அல்ல, அவளுக்கு.

உங்கள் மகள்,
மரீஸ்

பிப்ரவரி 25

மரீஸ் குட்டி,

உன் கையெழுத்து அழகாகிவிட்டது, வாயும் நீண்டுவிட்டது. ஏதோ வேடிக்கைக்குச் சொன்னேன். வட்டமாக உட்கார்ந்து அழுவது எனக்குப் பழக்கமில்லை. அந்தப் படிக்கட்டுக் கதையை நான் நம்பவும் இல்லை. அன்றைக்குக் காரேஜில்தானே பனிவண்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன்? ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா?

மார்ச் 12 வருகிறேன். அம்மாவிடம் சொல்.

அப்பா

மார்ச் 3

அப்பா,

உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு முறை படித்தாள். நேற்று மாலை, “கோட்டை எடு, போலாம்” என்றாள்.

முதல் தடவை உங்கள் மானம் போகக் கூடாதென்று சொல்லாமல் விட்ட பாதியையும் குழுவில் சொன்னாள். வலப்பக்க நாற்காலியில் நான் இருந்தேன். திருப்பிச் சொன்னேன்: “நான் லிசெட். படியில மாட்டிக்கிட்டேன். புருஷனை ‘ரெஜான்’னு மூணு தடவை கூப்பிட்டேன். காரேஜ்ல ரேடியோ சத்தம் கூடிச்சு.”

தப்பிருந்தால் கதைக்குரியவர் திருத்தலாம். அம்மா திருத்தினாள்.

“நாலு தடவை. மூணாவதுக்கு ரேடியோ நின்னுச்சு. நாலாவதுக்குத்தான் சத்தமா வச்சாரு.”

அன்று சிரித்த லாரி ஓட்டுநர் ஓவிலா, “நானும் சேந்து பல்லைக் காட்டினேனே, நாசமாப் போக” என்றார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“பன்னண்டாம் தேதி அப்பா அவரோட அண்ணன் வீட்டுக்குப் போகட்டும்னு எழுதிடும்மா.”

எழுதிவிட்டேன். நேற்று கூட்டம் முடிந்து எட்டு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்தோம். எங்களுக்குப் பின்னால் விளக்குகளை அணைத்தார்கள்.

மரீஸ்