கொதிகலன் அறையில் மறுதேர்வு

19 மார்ச், புதன், காலை 6.10

அன்புள்ள இல்லாளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

பிப்ரவரி 11ஆம் தேதி கொதிகலன் தேர்வில் நான் தோற்றதை உன்னிடம் மறைத்துவிட்டேன். மறுமுறையும் தோற்றால் வேலை போய்விடும் என்றார்கள். ஆகவே ஒவ்வொரு வால்வையும் ஓர் அட்டையில் வரைந்து, பின்புறம் அதன் பணியை எழுதி, மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என்று இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்த்தேன். வரைந்த தேதி வரிசையிலேயே அவற்றை அடுக்கி வைத்ததுதான் பிழை. ஃபோர்மேன் அட்டைகளைக் கலைத்து ஒன்றை நீட்டியதும் திருதிருவென விழித்தேன்.

“என்ன பெரியவரே, தேதியைச் சொன்னாத்தான் வால்வு ஞாபகம் வருமா?”

“வரிசையா கேளுங்க தம்பி, கடகடன்னு சொல்றேன்.”

“பிரஷர் என்ன, வரிசை பாத்துக்கிட்டா ஏறும்?”

அன்று முதல் நானே கலைத்துப் படித்தேன். நேற்று மறுதேர்வில் இருபதுக்குப் பத்தொன்பது! தவறிய ஒன்றுக்கும் வினாத்தாளின் மங்கலான படமே காரணம்.

மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று அனுப்பு. அடுப்பை ஜன்னலோரம் மாற்றியதாக எழுதியிருந்தாயே, அடுக்களையையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. என் மனத்தில் நீ இன்னும் பழைய மூலையிலேயே நின்று சமைக்கிறாய்.

ஷிப்டு மணி அடித்துவிட்டது.

உன் கணவன்