மைக்கில் சொன்னதை மைக்கிலேயே

திருச்சி
18-9-1987

அன்பு மகன் அருள்நாதனுக்கு சின்னம்மா எழுதுவது. மாதா துணையால் அப்பாவும் நானும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பம்பாய் மழையில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் எங்களுக்குக் கவலை. போன கடிதத்தில் இருமல் என்று ஒரு வரி எழுதிவிட்டு அதற்கப்புறம் ஒன்றும் எழுதாமல் இருந்தால் நாங்கள் என்ன என்று நினைப்பது, ராத்திரி தலையில் ஈரத்தோடு படுக்காதே, ரூமில் கூட இருக்கிற பையன்கள் ஜன்னலைத் திறந்து போட்டால் நீ சுவர் ஓரமாகப் படுத்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு ஸ்கூலில் இந்த வருஷம் ஏழாம் வகுப்பு. பிள்ளைகள் பின் பெஞ்சிலிருந்து டீச்சர் கேட்கலை டீச்சர் கேட்கலை என்று கத்துகிறார்கள். எங்கள் குடும்பத்திலேயே முதல் டிகிரி வாங்கி என்ன, தொண்டையை மட்டும் யாரும் பட்டம் கொடுத்துத் திறந்துவிடவில்லை.

நீ எழுதியிருந்தாய், அந்தப் பேச்சை விட்டுடுங்க சின்னம்மா, நானே மறந்துட்டேன், இப்பல்லாம் டிரம் குச்சியைத் தொடுறதுகூட இல்லை என்று. மறந்தவன் எதற்காகக் குச்சியைத் தொடாமல் இருக்க வேண்டும்? அதைப் படித்ததும்தான் எனக்கு நெஞ்சு கொதித்தது. நான் மறக்கவில்லை அருள். போன வருஷத் திருவிழாவில் மைக் செட் தைரியராஜ் தன்னுடைய பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் உங்கள் பேண்டுக்கு ஒரு கால் மணி நேரம் போனால் போகிறதென்று கொடுத்தார், நீங்கள் அந்த ஹார்டுகோர் பாட்டை, காது அடைக்க வேகமாக அடித்துக் கத்துகிற அந்தப் பாட்டை, வாசித்தீர்கள், கோயில் மைதானத்துப் பையன்கள் முழுக்க மேடைக்கு முன்னால் வந்து குதித்தார்கள், அது அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது, நீதான் கிழித்தாய் என்று மேடையிலேயே உன்னைக் கன்னத்தில் அறைந்தார். அதோடு விட்டாரா? மைக்கைக் கையில் எடுத்து, தாயில்லாப் பிள்ளை, வளர்க்க ஆள் இல்லாம வளர்ந்தது, வேற எப்படி இருக்கும் என்று சொன்னார். அந்தச் சொல் லைட் கம்பத்துக்கு லைட் கம்பம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் போய், நம் தெருவில் திருவிழாவுக்கு வர முடியாமல் படுத்துக் கிடந்தவர்கள் காது வரைக்கும் விழுந்தது. உன் எட்டு வயசிலிருந்து உனக்குத் தலை வாரிவிட்டவள் நான் பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஸ்பீக்கரை அன்றைக்கு மத்தியானமே அவருடைய ஆள் நியூஸ் பேப்பரும் பசையும் வைத்து ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், அங்கேயே சொல்லவும் சொன்னேன், பக்கத்தில் நின்ற சகாயம்மாள் அக்காவுக்கே என் குரல் கேட்கவில்லை. மைக் அவர் கையில் இருந்தது. நீ மறு வாரம் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டாய். அன்றைக்கு நான் முடிவு செய்தேன், மைக்கில் சொன்னதை அவர் அதே மைக்கில், அதே குழாய் வழியாக, தன் வாயால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. அது நடந்துவிட்டது. எப்படி நடந்தது என்று உனக்கு ஒன்று விடாமல் எழுதத்தான் இன்றைக்கு லீவு போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போன பிறகு உன் சிநேகிதர்கள் தங்களுக்காக வாசிப்பதையே விட்டுவிட்டார்கள், காசுக்காகச் சனிக்கிழமை தைரியராஜ் கச்சேரிக்கு மட்டும் போனார்கள். டிரம் செட் நம் வீட்டுக் கட்டிலடியில் கிடந்தது. ஒரு நாள் நான் காந்தி மார்க்கெட்டில் உன் சிநேகிதன் காஜா மைதீனுடைய அத்தாவின் வெங்காயக் குடோனுக்குப் போய் நின்றேன். என்னம்மா வேணும் சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா என்று அவர் கேட்டார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் லோடு இறங்காத நேரத்தில் மாடியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்களா, சத்தம் போடுவார்கள் என்று ஒரு வழியாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மார்க்கெட்ல சத்தத்துக்குப் பயந்தா முடியுமா, எடுத்துக்கங்க என்றார். சுவர் முழுக்கச் சாக்கைத் தொங்கவிட்டோம், சத்தம் வெளியே போவது பாதியாகக் குறைந்தது. உன் இடத்தில் காஜா மைதீன் டிரம் அடிக்கிறான், கை உன் அளவு சுத்தமில்லை, ஆனால் அசராமல் அடிக்கிறான். பேஸ் கிட்டார் நம் ரெங்கராஜ்தான், ஸ்ரீரங்கத்திலிருந்து நெற்றியில் நாமத்தோடு பஸ்ஸில் வருவான், ரெண்டு பாட்டுக்குள் நாமம் வியர்வையில் மூக்கு வரைக்கும் வழிந்துவிடும், அகத்துல கேட்டா பிரபந்த கோஷ்டில நின்னேன்னு சொல்லிக்கிறேன் மாமி, அங்கேயும் தொண்டை கிழியத்தானே சேவிக்கிறோம் என்பான். கிட்டார் லூர்து. பாட்டுக்கு ராசாத்தி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ரத்தினவேலுடைய மகள். படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளை உள்ளே வா என்று நான்தான் கூப்பிட்டேன், லாரிக்காரனை நிறுத்துகிற குரல் அவளுக்கு, மைக்கே வேண்டாம்.

குடோனில் சட்டம் ஒன்று வைத்துக்கொண்டோம். யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும், எந்தத் தெரு எந்தக் கோயில் என்று கேட்கக் கூடாது, வாசிக்கத் தெரியாதவனுக்குத் தெரிந்தவன் சொல்லிக்கொடுக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்கு முன்னால் இடம், ஒருவர் மேல் ஒருவர் மோதிக் குதிக்கும்போது யாராவது விழுந்தால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் தூக்கிவிட்டுத்தான் மறுபடி குதிக்க வேண்டும். கே.கே. நகரிலிருந்து ஆபீஸர் வீட்டுப் பையன்கள் வந்தார்கள், மலைக்கோட்டை ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற பையன்கள் வந்தார்கள், நான் சுண்டல் கொண்டுபோகிற பாத்திரத்தை வருஷக் கடைசிக்குள் பெரிசாக மாற்ற வேண்டியதாகிவிட்டது. எல்லாரும் தலையில் வெங்காய வாசனையோடு வீட்டுக்குப் போவார்கள். இப்போது நம்மிடம் நாலு பேண்டு இருக்கிறது, கரண்ட் கட், சைரன், மூட்டை, லெவல் கிராஸிங். பேர்தான் நாலு. ரெங்கராஜ் நாலிலும் வாசிக்கிறான், காஜா மைதீன் மூன்றில், லூர்து ரெண்டில், ராசாத்தி ரெண்டில் பாடுகிறாள். ஒரு பேண்டு முடிந்ததும் பாடுகிற ஆளையோ கிட்டார் ஆளையோ மாற்றிக்கொண்டு அடுத்த பேர் சொல்லி ஆரம்பித்துவிடுவார்கள். நீயும் அப்படித்தானே மூன்று பேண்டில் அடித்துக்கொண்டிருந்தாய். இது குடோனுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். தைரியராஜுக்குத் தெரியாது. வெங்காய நாத்தம் எனக்கு ஆகாது என்று அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை. இன்னொன்றும் அவருக்குத் தெரியாது, அவருடைய கச்சேரிக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து வாசிக்கிற ரெங்கராஜும் காஜா மைதீனும் லூர்தும் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள் என்பது.

இந்த ஆனி மாதம் கே.கே. நகரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அவருடைய கச்சேரி வேண்டாம், கரண்ட் கட் பேண்டுதான் வேண்டும் என்று மாப்பிள்ளைப் பையன் பிடிவாதம் பிடித்துவிட்டான். பெரியவர்கள் எல்லாம் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடிவிட்டார்கள், அது வேறு கதை. தைரியராஜுக்கு அது தாங்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து மைதானத்தில் திருவிழாக் கமிட்டி கூடியபோது எழுந்து நின்று, இந்த நாலு பேண்டுல வாசிக்கிறவன் ஒருத்தன்கூட இந்த வருஷம் என் மேடையில காலை வைக்கக் கூடாது, வச்சா நான் மைக் செட்டைக் கழட்டிக்கிட்டுப் போயிடுவேன் என்று சபதம் போட்டார். கமிட்டியும் சரி சரி என்று தலையாட்டிவிட்டது. அவர் மனசில் நாலு பேண்டு என்றால் இருபது காவாலிப் பையன்கள்.

பிள்ளைகள் கொதித்துக்கொண்டு குடோனுக்கு வந்தார்கள். காஜா மைதீன், போய் ரெண்டு கேள்வி நறுக்குனு கேட்டுட்டு வரட்டுமா சின்னம்மா என்றான். நான் வேண்டாம் என்றேன். அவர் பெரியவர், சொன்னபடி கேளுங்கள், ஒரு சொல்லையும் மீறாதீர்கள், கால் வைக்கக் கூடாது என்றால் வைக்கவே வைக்காதீர்கள் என்றேன். எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். முதலில் புரிந்தது ராசாத்திக்குத்தான், சாக்கு மூட்டை மேல் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் அவர்கள் சனிக்கிழமை ரிகர்சலுக்கு ஒழுங்காகப் போய் வந்தார்கள். அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இது நல்ல கிறிஸ்தவள் செய்கிற காரியமா என்று நீ கேட்பாய். இல்லைதான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் இதை நான் சொல்லவில்லை, ஏனென்றால் செய்த பாவத்துக்கு மனஸ்தாபம் வர வேண்டுமே, எனக்கு வரவில்லை.

திருவிழா அன்று சாயங்காலப் பூசை முடிந்து ஜனம் மைதானம் நிறைய உட்கார்ந்திருந்தது. தைரியராஜ் சந்தன கலர் சபாரி போட்டுக்கொண்டு மேடை ஏறி, வணக்கம் சொல்லி, பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறார், பாங்கோஸ் அடிக்கிற கிழவரைத் தவிர ஒருவரும் இல்லை. நம் பிள்ளைகள் மூன்று பேரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஏறுங்கடா, என்னடா உட்கார்ந்திருக்கீங்க என்று கத்தினார், மைக் திறந்திருந்தது, எல்லாக் குழாயிலும் கேட்டது. ரெங்கராஜ் எழுந்து நின்று ரொம்ப மரியாதையாக, நீங்கதானே சொன்னேள் சார், அந்த நாலு பேண்டுல வாசிக்கிறவா ஏறப்படாதுன்னு, நான் நாலுலயும் வாசிக்கிறேனே என்றான். காஜா மைதீன், நான் மூணுல பாய் என்றான். அவரைப் போய் பாய் என்கிறான் பார். லூர்து தலையைச் சொறிந்துகொண்டு, நான் ரெண்டுலதாண்ணே, ரெண்டுன்னா ஏறலாமா என்று கேட்டான். மைதானமே சிரித்தது அருள். சகாயம்மாள் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். தைரியராஜ் தனியாக ஒரு பாட்டை ஆரம்பித்தார், பாங்கோஸ் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார், பின்னாலிருந்து கூச்சல் வந்ததும் நிறுத்திவிட்டார்.

கமிட்டிக்காரர்கள் அவரைப் பெண்கள் பக்கம் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இத்தனை வருஷமாகக் கிளமென்ட்டோட ரெண்டாவது என்று என்னைச் சொல்கிறவர், டீச்சர், பசங்க நீங்க சொன்னாத்தான் கேட்பாங்களாம், கொஞ்சம் சொல்லுங்க டீச்சர் என்றார். எனக்குக் குரல் வந்தது. போன வருஷம் என் மகனை அறைந்து ஒரு வார்த்தை சொன்னீங்க, அதை அதே மைக்கில் எடுத்துக்கங்க, ஸ்பீக்கர் முன்னாலேயே கிழிஞ்சிருந்ததையும் சொல்லுங்க என்றேன். அது முடிஞ்சு போன கதை டீச்சர் என்றார். அப்படின்னா நீங்க பாடுங்க, நாங்க கேட்கிறோம் என்றேன். ஜனம் கை தட்ட ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் மேடை ஏறி, அருள்நாதன் ஸ்பீக்கரைக் கிழிக்கலை, அது முன்னாலேயே ஒட்டு போட்டது, தாயில்லாப் பிள்ளைன்னு நான் சொன்னது தப்பு என்று நெஞ்சுக்குள்ளேயே முணுமுணுத்தார். நான் எழுந்து நின்று, தெருக்கோடிக் குழாய்க்குக் கேட்கலை என்றேன். அவ்வளவு பேர் நடுவில் நான்தான் சொன்னேன். ரெண்டாம் தடவை சத்தமாகச் சொன்னார். அவர் முகத்தை நான் கண் எடுக்காமல் பார்த்தேன், அது எனக்கு எவ்வளவு ருசியாக இருந்தது என்று உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் ஏறினார்கள், அவருக்கு வாசிக்க அல்ல, கரண்ட் கட் பேண்டாக ஏறினார்கள். ராசாத்தி பாடினாள், வார்த்தை நான் எழுதிக்கொடுத்தது, மைக் உன்னது தொண்டை என்னது என்று வரும். ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும், அதையே மூன்று தடவை கேட்டார்கள். அவர் தன் ஆம்பிளிஃபயர் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது, வயரை ராசாத்தி காலில் மிதித்துக்கொண்டே இருந்தாளே, அது பிடுங்கிக்கொள்ளாமல் அவர்தானே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, போதும் அமலா, மனுஷன் செத்துட்டான், விட்டுடு என்றார். போன ஞாயிறு தைரியராஜ் குடோனுக்கே வந்துவிட்டார். காஜா மைதீன் என் முகத்தைப் பார்த்தான், யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும் என்பது நாம் போட்ட சட்டம், விடு என்றேன். மூட்டை மேல் உட்கார்ந்து கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு பேண்டையும் கேட்டார், கடைசியில் என்னிடம் வந்து, பையன் அட்ரஸ் கொடுங்க டீச்சர், நாலு வரி எழுதிப் போட்டுடறேன் என்றார். நான் கொடுக்கவில்லை. என்னைச் சொன்ன சொல்லுக்கு நான் பதில் வாங்கிவிட்டேன், உன் கன்னத்தில் விழுந்தது உன்னுடையது, அதைத் தபாலில் தீர்த்துவிட்டுப் போக நான் அவரை விட மாட்டேன். கிறிஸ்மஸுக்குக் குடோனில் நாலு பேண்டும் வாசிக்கிறது, முன் வரிசையில் உங்களுக்கு ஒரு மூட்டை போட்டு வைக்கிறேன், அங்கே உட்கார்ந்து அவன் அடிக்கிறதைக் கேளுங்க, அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க என்றேன். சரி என்று ஒத்துக்கொண்டு போயிருக்கிறார். அவரை நீ மன்னித்தாலும் சரி, மன்னிக்காமல் அனுப்பினாலும் சரி, நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் குச்சியைத் தொடாத கையோடு வந்து அவர் முன்னால் நிற்காதே. இன்றைக்கே எடுத்து அடிக்கத் தொடங்கு, தலையணை மேல் அடித்தால் ரூம் பையன்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காஜா மைதீன் அவனாகவே சொன்னான், அருள் வந்தா அந்த ஸ்டூலு அவனுக்குத்தான், நான் கிட்டாருக்குப் போயிடறேன் என்று.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக, நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். லீவு இப்போதே எழுதிக் கேட்டுவிடு, டிக்கெட்டும் சீக்கிரம் எடு, வரும்போது அங்கே நல்ல குச்சியாக நாலு ஜோடி வாங்கி வா, இங்கே கிடைப்பது ரெண்டு பாட்டுக்குள் முறிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் சின்னம்மா,
கி. அமலராணி