சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற மோரிஸ் மைனர்

கிணத்துக்கடவு,
12.11.1996

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி அக்ஷயாவும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க மாசாணியம்மன் துணையிருப்பாள். நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை ஏதோ இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன், அதற்கு மேல் எழுதினால் பொய்யாகிவிடும். மழை விட்டபாடில்லை, தேங்காய் வெட்ட ஆள் வரவில்லை, களமெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கிறது. உன் அப்பா சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைத் தட்டில் இங்கும் அங்கும் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். கேட்டால் பசியில்லை என்கிறார், அதுவும் என்னைப் பார்த்துச் சொல்வதில்லை.

பெரியப்பா தவறிய அன்று நான் போனில் நெஞ்சுவலி என்று மட்டும்தான் சொன்னேன். ஊட்டில் கார் இருந்துமா ஆஸ்பத்திரிக்கு லேட்டாச்சு என்று நீ அழுதுகொண்டே கேட்டாய், நான் ரிசீவரைப் பெரியப்பா பையன் கதிர்வேலிடம் கொடுத்துவிட்டேன். அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், எப்படிச் சொல்வேன். ஆனால் நீ பெரியப்பா தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த பிள்ளை, உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அதனால் இப்போது அப்பா தென்னந்தோப்புப் பக்கம் போயிருக்கிற நேரம் பார்த்து எழுதுகிறேன்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு இரண்டு ஊட்டுக்கும் நடுவில் கட்டிய சுவரை நீ பார்த்ததில்லை. கிணற்று மோட்டாரை யார் முறையில் யார் போட்டது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய் வார்த்தை முற்றி, பேச்சு நின்று, பாகம் பிரித்ததுவரை உனக்கு எழுதியிருந்தேன். ரோட்டைப் பார்த்த பெரிய வாசல் பெரியப்பாவுக்கு, கார் செட்டு நமக்கு, நாம் போய்வர வேலிகளுக்கு நடுவில் ஒடுங்கின இட்டேரி. அந்த இட்டேரியில் டிவிஎஸ் பிப்டி போகும், மாடு போகும், வேறு எதுவும் போகாது. உன் அப்பாவைப் பெத்த அப்பாரு வால்பாறை எஸ்டேட் துரையிடம் வாங்கிய மோரிஸ் மைனர் காரை அப்பா புதுப்பிக்கிறேன் என்று பிரித்துப்போட்டிருந்த சமயம் அது. எஞ்சின் மரப்பலகை மேல், கதவுகள் களத்தில், சீட்டும் சக்கரங்களும் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில். வண்டி வண்டியாகவே இல்லை கண்ணு, தட்டுமுட்டுச் சாமான் மாதிரி கிடந்தது, அதனால் அது ஒருநாள் வெளியே போக வேண்டிய பொருள் என்று பாகம் பிரிக்க வந்த பெரியவர்களுக்கும் தோன்றவில்லை, உன் அப்பாவுக்கும் தோன்றவில்லை. கொத்தனார் ஐயாசாமி சுவர் வைக்கும்போது அப்பா பக்கத்தில் நின்று சிமெண்டை இன்னும் கொட்டு, ஒரு செங்கல் அசையக் கூடாது என்று விரட்டினார். நான்தான் ஒருநாள், ஏனுங்க, வண்டி ஓடுச்சுன்னா எந்தப் பக்கமுங்க போகும் என்று கேட்டேன். ஓடட்டும் பாத்துக்கலாம் என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சிரித்தவள்தான். பெரியப்பா தன் செவலை மாட்டைச் சுவரோரமாகக் கட்டினார். இந்தப் பக்கம் அப்பா எஞ்சினைக் கிளப்பினால் அந்தப் பக்கம் அவர் மாட்டுக்குத் தீனி போட வந்துவிடுவார். செவலே, மூணு சிலிண்டருதான் எரியுதாட்ட இருக்குது, நாலாவது பிளக்கப் பாக்கோணும், நாஞ் சொன்னா ஆரு கேக்கறா என்பார். அப்பா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார், மறுநாள் காலையில் பார்த்தால் நாலாவது பிளக் கழற்றித் துடைத்து வைத்திருக்கும். பதிலுக்கு இவர் என்னைக் கூப்பிட்டு, மயிலா, வேல செய்யறவனுக்குத் தெரியாதது வேடிக்க பாக்கறவங்களுக்கா தெரியும் என்று சுவருக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். இப்படியே ரேடியேட்டர் ஒழுகினது, பிரேக் ஒரு பக்கம் இழுத்தது எல்லாம் செவலை வழியாகத்தான் சரியானது. மாட்டுக்கு மெக்கானிக் வேலை சொல்லிக்கொடுத்தவர் இந்தச் சீமையிலேயே உன் பெரியப்பா ஒருவர்தான்.

கிளட்ச் விஷயத்தில் மட்டும் அப்பா கேட்கவில்லை. புது பிளேட் எங்கும் கிடைக்கவில்லை. உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற அமீர் ஹம்சா பாய், கொஞ்ச நாள் பொறுங்க, மெட்ராஸில சொல்லி வெச்சிருக்கறேன் என்றார். அப்பாவுக்குப் பொறுமை ஏது, பழைய பிளேட்டுக்கே லைனிங் ஒட்டிப் போட்டுவிட்டார். அது எப்படித்தான் பெரியப்பா காதுக்குப் போனதோ, செவலே, ஒட்டுப் போட்ட கிளட்ச்சு மேட்டுல கால வாரி உட்டுரும் என்று அன்றைக்கே சொன்னார். என் காதில் விழுந்தது, அப்பா காதிலும் விழுந்தது. எல்லாத்துக்கும் அவரு பேச்சேதான் கேக்கோணுமா என்று எஞ்சினை இன்னும் கொஞ்சம் உறுமவிட்டார், அவ்வளவுதான்.

பெரியப்பா தவறிய அன்றைக்கு மத்தியானம் எஞ்சின் அருமையாகக் கிளம்பியது. சத்தம் ஒரே சீராக இருந்தது. அப்பா எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்துக் காத்திருந்தார், அந்தப் பக்கம் ஒரு வார்த்தையும் வரவில்லை. குத்தஞ் சொல்ல ஒண்ணும் கெடைக்கல போல என்று என்னிடம் ரொம்பப் பெருமையாகச் சொன்னார். அப்போதுதான் உன் பெரியம்மா, கொழுந்தனாரே, ஓடி வாங்க, இவரு என்னமோ மாதிரி இருக்கறாருங்க என்று கத்தினார். கதிர்வேல் வேனை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தான். அப்பா ஏணி வைத்துச் சுவர் ஏறிக் குதித்தார், கட்டிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார், மறுபடியும் சுவரைத் தொற்றி ஏறித் திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்து கியரைப் போட்டார். போட்ட பிறகுதான் வழி இல்லை என்பது உறைத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சுவரையே பார்த்தார், அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

கடப்பாரையை எடுத்து இடித்தார். நானும் மண்வெட்டியோடு போனேன், தோப்பிலிருந்த ஆட்கள் ஓடி வந்தார்கள். சிமெண்டு அப்படிப் பிடித்திருந்தது. கை கிழிந்து ரத்தம் ஒழுக ஒழுக இடித்தார், ஒவ்வொரு செங்கலாகத்தான் வந்தது. ஒரு வழியாக வண்டி நுழைகிற அளவுக்கு உடைத்து, சைலன்சர் கல்லில் இடிபட்டு உரச, அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பெரியப்பாவை முன் சீட்டில் சாய்த்து உட்காரவைத்தோம். நானும் பெரியம்மாவும் பின்னால் ஏறினோம். நம் வண்டி புதுப்பித்த பிறகு ரோட்டைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோயம்புத்தூர் போகிற வழியில் ஒத்தக்கால்மண்டபத்துக்கு முன்னால் அந்த ஏற்றம் வருகிறது பார், அங்கே எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. அப்பா காலை மாற்றி மாற்றி மிதிக்கிறார். அப்போது பெரியப்பா கண்ணைத் திறந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, கிளட்ச்சு வழுக்குதுடா, செவலகிட்டச் சொன்னது உனக்குக் கேக்கலியாடா என்றார். இத்தனை வருசம் கழித்துத் தம்பியைப் பார்த்து நேராகப் பேசியது அதுதான். முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரிகூட இருந்தது. அப்பா ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிப்பதிலேயே இருந்தார். ஊர்ந்து ஊர்ந்து மேலே ஏறி, கியரை மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பெரியப்பா தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாமுங்க என்றார். அவர் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தையாகக்கூட இருக்கலாம், ஆனால் உன் அப்பா அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

கதிர்வேல் இதுவரை ஒரு குறை சொல்லவில்லை, சித்தப்பா சாப்டீங்களா என்று தினமும் கேட்டுவிட்டுப் போகிறான். திட்டியிருந்தாலாவது அப்பாவுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். காரியம் முடிந்ததும் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறேன் என்றார் அப்பா. ஐயாசாமியைக் கூப்பிட்டு இடித்த இடத்தை அடைத்துவிடச் சொன்னார், அதைப் பார்க்க முடியவில்லை போல. ஐயாசாமி மணல் கொண்டுவந்து கொட்டியதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா அந்தப் பக்கம் வந்து நின்றார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, செவலே, இத அடைக்கறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அடைக்கச் சொல்லு, வண்டிச் சத்தங் கேக்காம ஊடு ஊடாட்டவே இல்ல என்றார். ஐயாசாமி மணலை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அமீர் ஹம்சா பாய் துக்கம் விசாரிக்க வந்தபோது புது பிளேட் வந்துவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொல்லி, ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். நேற்றுக் காலையில் செட்டுக்குள் சத்தம் கேட்டுப் போனேன். அப்பா வண்டியைத் தூக்கி நிறுத்தி, கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, மல்லாக்கப் படுத்திருந்தார். கால் இரண்டும் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பழைய பிளேட் பக்கத்தில் கிடந்தது, லைனிங் கருகி ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. காப்பித் தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பினேன், அப்போது அடியிலிருந்து அவர் குரல் கேட்டது. கேட்டுச்சுங்கண்ணா என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், கேட்டுச்சுங்கண்ணா என்றார். நான் சத்தம் போடாமல் வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை அவர் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் புத்தி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஒரு போன் மட்டும் போடச் சொல். அந்த ஊரில் ஜாடை பேச ஒரு மாடுகூடக் கிடைக்காது. அக்ஷயாவுக்குச் சளி பிடித்தால் துளசியும் மிளகும் காய்ச்சிக் கொடு, போன தடவை பார்சலில் அனுப்பின பொட்டலத்தில் இன்னும் இருக்கும். நீ வேளைக்குச் சாப்பிடு. எல்லோரும் நீண்ட ஆயுளோடும் ஒற்றுமையோடும் இருக்க வேண்டும் என்று இரண்டு ஊட்டுக்கும் சேர்த்தே விளக்குப் போட்டு வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் பெரியப்பா பேச்சை எடுக்காதே, சுவரைப் பற்றியும் கேட்காதே. கிளட்ச் மாட்டியாச்சுங்களாப்பா என்று மட்டும் கேள். அவராகப் பேசட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
மயிலாத்தாள்