வெட்டிவிட்ட பச்சை ஒயர்

786
கூத்தாநல்லூர்

சவூதி தம்மாமில் இருக்கும் அன்பு மகன் அஹமது கபீருக்கு அத்தா அப்துல் வஹாப் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கு நானும் உன் தங்கச்சி நூர்ஜஹானும் சுகம். உன் அம்மாவையும் சேர்த்து எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, என்னத்தை எழுதுகிறான் இந்தக் கிழவன் என்று முறைத்துக்கொண்டிருக்கிறாள். எழுதவே கூடாது என்றாள். புள்ள அங்க சோறு திங்கமாட்டான், வேலைல கவனம் போயிரும்னு அழுகை. நான் எந்தக் காலத்தில் அவள் பேச்சைக் கேட்டேன், இப்போது கேட்க.

நீ கப்பலில் போட்டுவிட்ட ஃபிரிட்ஜ் வந்து சேர்ந்ததென்று எழுதினேன் அல்லவா, அதை மாட்டின கதையை எழுதவில்லை. அதன் பிளக்குக்கு மூன்று சதுரப் பல், நம் வீட்டுச் சுவரிலோ உன் தாத்தா காலத்து இரண்டு ஓட்டை. உன் மாமி மகன் கலந்தர்தான் ரேடியோ கடை வைத்திருக்கிறானே, அவனைக் கூப்பிட்டேன். மாமா, நம்ம தெருவுல வெளிநாட்டுச் சபுராளிங்க அனுப்புற சாமான் எல்லாத்துக்கும் நான்தான் தலைய வெட்டுறேன்னு சொல்லி பிளக்கை நறுக்கினான். இரண்டு ஒயரை ஓட்டையில் விட்டு, கழன்று வராமல் தீக்குச்சியைச் செருகினான். பச்சையாய் ஒன்று மிச்சம் இருந்தது, இது என்னடா என்றேன். இது சும்மா அழகுக்கு மாமா, வெள்ளைக்காரன் வச்சதுன்னு அதையும் வெட்டி எறிந்தான். அப்புறம் பெட்டி ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் ஃபியூஸ் போனது. ஃபியூஸில் நாலு கம்பியை ஒன்றாய் முறுக்கிக் கட்டிவிட்டான், அதோடு போகவில்லை. கெட்டிக்காரப் பயல் என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஈரக் கையோடு தொட்டால் பெட்டி சுர்ரென்று கிள்ளும். உன் அம்மாவுக்கு அதுவும் பெருமைதான். அனுப்பினவன் குறும்பு பெட்டிக்கும் இருக்குன்னு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். வாசற்படிக்கு உள்ளே யாரும் செருப்புப் போடாத வீட்டில் ஃபிரிட்ஜுக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்தோம், கைப்பிடியில் ஒரு துண்டு கட்டினோம். அத்தோடு சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டோம். தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான்.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை உன் அம்மா சுன்னத்து நோன்பு பிடித்திருந்தாள். காலையிலிருந்து மழை, முற்றத்துச் சாரல் அடித்துத் தரையெல்லாம் ஈரம். அந்தி மஃரிபு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தவள், பாங்கு சொல்லப்போகிறார்களே என்ற அவசரத்தில் செருப்பையும் மறந்து, நனைந்த துண்டோடு சேர்த்துக் கைப்பிடியைப் பிடித்தாள், நோன்பு திறக்க எலுமிச்சம்பழத் தண்ணி எடுக்க. பிடித்தவள் விடவில்லை. கத்தவும் இல்லை. நூர்ஜஹான் அம்மாவை இழுக்கப் பாய்ந்தாள், நான் அவள் சடையைப் பிடித்து இழுத்துவிட்டேன். விடுங்கத்தா விடுங்கத்தான்னு என்னை அடிக்கிறாள். விட்டால் வீட்டில் இரண்டு மையித்து விழும். மெயினை அணைக்கலாம் என்றால், நம் குத்தகைக்காரன் முருகையனுக்கும் எனக்கும் நிலத்து வழக்கு நடக்கிறதே, அந்த வழக்கு நெல் மூட்டையெல்லாம் மெயின் சுவிட்சை மறைத்து உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை அவனும் தொடக்கூடாது நானும் தொடக்கூடாது. என்ன செய்வது என்று தெரியாமல் மகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அந்த நேரம் பார்த்து ஊர் முழுக்கக் கரண்ட் போனது. உன் அம்மா கீழே விழுந்தாள். யார் ஆட்சிக்கு வந்தாலும் கரண்ட் கட்டுக்காகத் திட்டியே வாய் வலித்தவன் நான், அன்றைக்கு இரண்டு கழகத்துக்கும் சேர்த்து துஆ செய்தேன். இதைச் சொல்லித்தான் அவளைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறேன், சிரிக்க மாட்டேன் என்கிறாள்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கையில் இரண்டு விரல் கருகி உள்ளே செத்துவிட்டது, எடுத்துவிட்டார்கள். தொழுகையில் அத்தஹிய்யாத்து ஓதும்போது கலிமாவுக்கு உயர்த்துவோமே, அந்த ஆள்காட்டி விரலும் போய்விட்டது மகனே. இனிமே கலிமாவுக்கு எதைத் தூக்குறதுன்னு மட்டும் கேட்டாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வந்தேன், மனசில் நிய்யத்து இருந்தால் போதும் என்றார். அவளுக்கு மனசு ஆறவில்லை. இடது கையால் சாப்பிடவும் மாட்டாளாம், நான்தான் ஊட்டுகிறேன். உப்பு இல்லை, உறைப்பு இல்லை என்று எனக்குத் திட்டு வேறு.

விஷயம் கேட்டு முருகையன் ஓடி வந்தான். வழக்கு வழக்கா இருக்கட்டும் ராவுத்தரய்யா, மூட்டைய நவுத்திப்புடுவோம், கோர்ட்டுல கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்லிக்கலாம்னான். இரண்டு பேருமாக நகர்த்தினோம். திருவாரூர் லைசென்ஸ் வயர்மேன் தியாகேசன் வந்து, சுவரில் ஒயரை மூடி ஓடுகிற மரப்பட்டையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒயர் மேல் ரப்பர் முறுக்கு மாதிரி நொறுங்குகிறது, மிச்சம் கரையான். அந்தப் பச்சை ஒயர்தான் எர்த்தாம். பெட்டிக்குள் கரண்ட் கசிந்தால் அதைப் பூமிக்குக் கொண்டுபோய், ஃபியூஸையும் எரித்து நிறுத்திவிடுமாம். நாம் அதையும் வெட்டிவிட்டோம், ஃபியூஸும் எரியாமல் கட்டிவிட்டோம். தாத்தா ஒயர் மொத்தத்தையும் உருவிவிட்டு, கிணற்றடியில் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்கி, அறைக்கு அறை தனி ஃபியூஸ் வைக்க வேண்டும் என்றார். அவரே லைனைக் கழற்றிவிட்டார். வீட்டில் இப்போது அரிக்கேன்தான்.

அதனால் நீ அனுப்புவதாய் எழுதியிருந்த இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் எதுவும் இப்போது வேண்டாம். இந்தச் செலவுக்கு வயலை விற்கலாம் என்றும் எழுதாதே, வழக்கில் இருப்பதை எவன் வாங்குவான். கலந்தரைத் திட்டி ஒரு வரி எழுதிவிடாதே, அவன் கடை திறக்கவில்லை, நம் வாசல் பக்கம் வரவே பயப்படுகிறான். நீயும் அங்கே கேம்பில் ஒரே பாயிண்டில் ஆளுக்கொரு கரண்ட் சோற்றுப் பானையை மாட்டுகிறீர்கள் என்று சிரித்து எழுதியிருந்தாயே, அதை நிறுத்து. சீக்கிரம் கிளம்பி வந்துவிடாதே, லீவு வரும்போது வா. உன் உடம்புக்கும் ஈமானுக்கும் நீண்ட ஹயாத்துக்கும் ஐந்து நேரமும் துஆ செய்கிறோம். சுவரில் எதை மாட்டினாலும் மூன்றாவது ஒயர் எங்கே போகிறது என்று பார்த்து மாட்டு.

இப்படிக்கு,
உன் அத்தா
கூ. மு. அப்துல் வஹாப்

மடிக்கப் போனவனை நிறுத்தி, என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கீழே அரபு எழுத்தில் கோணல்மாணலாய் இருக்கும் அரபுத் தமிழ் வரி உன் அம்மா இடது கையால் எழுதியது, உனக்குப் படிக்க வராது என்று நானே சொல்கிறேன்: தம்பி, பொட்டி மேல குத்தமில்ல, நல்லாத்தான் குளுந்துச்சு.