இருட்டில் வைக்காத தண்ணீர்

என் மல்லிகா அக்கா,

கோபத்தில்தான் எழுதுகிறேன். உன்னை நலம் விசாரிக்கவும் இனி வழியில்லை, அதற்கும் கோபம்தான்.

கிள்ளான் ஆற்று முகத்துவார அறிக்கை தயாராகிவிட்டது. நீ இருந்தவரை பாசி அளவு மேலே நிற்கிறது. நீ இறந்த மாதத்திலிருந்து வரைபடத்தில் கோடு சரிகிறது. ஆறு சுத்தமாகிவிட்டதாம். இன்று கூட்டத்தில் நம் ஆய்வுக்கூடத்தின் புதிய தலைவர் அதைத் திரையில் காட்டிவிட்டு, "மல்லிகா ரீடிங் எல்லாம் கொஞ்சம் ஓவர் லா. அத தூக்கிடலாம்," என்றார். செத்தவளிடம் விளக்கம் கேட்க முடியாது, எவ்வளவு வசதி.

ஆறு எங்கே சுத்தமானது? உனக்குப் பிறகு படகில் போகிறவர்கள் உச்சி வெயிலில் மேல்தண்ணீரை மொண்டு அப்படியே அளக்கிறார்கள். கடும் வெயில் பட்ட பாசி, கருவியின் விளக்குக்குத் திருப்பித் தரும் ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும். கருவிக்கு அந்த ஒளிர்வு மட்டும்தான் தெரியும். பாசியே குறைந்துவிட்டது என்று சொல்லிவிடும். அதனால்தானே கறுப்புத் துணி சுற்றிய பெட்டியில் போத்தல்களை வைத்து, பாசி தன் நிலைக்குத் திரும்பும்வரை எங்களைக் காக்கவைத்தாய்? படகோட்டி மணியம் அண்ணன் முணுமுணுப்பார். "தண்ணிக்குத் தாலாட்டு பாடுறியா தங்கச்சி? அலை எழும்புது, போலாம் லா." நீ அசையமாட்டாய்.

"வெயில் பண்ற வேலை சார் இது," என்றேன். "செய்முறையில அப்படி ஒண்ணும் இல்லையேம்மா," என்றார்.

உண்மைதான். படகில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நாம் யாருமே அதை எழுதி வைக்கவில்லை. தெரிந்தவர்கள் இன்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். உன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உன் கையால் சாப்பிட்டவர்கள் அவர்கள். எப்படி மனசு வந்தது?

உன்மேலும் கோபம். நோயை ஏன் எங்களிடம் மறைத்தாய்?

நாளை மதியம் மணியம் அண்ணனோடு போகிறேன். ஒரே வாளித் தண்ணீரில் பாதியை உடனே அளப்பேன்; மீதியை இருட்டில் வைத்து அளப்பேன். இரண்டையும் தலைவர் மேசையில் வைப்பேன். அப்போதும் உன் அளவுகளைத் தூக்கினால் அறிக்கையில் என் பெயர் இருக்காது. வேலை போனால் போகட்டும். நீ கூட்டிச் சொன்னாய் என்கிற தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன், அக்கா.

உன் கூடப் பிறக்காத தங்கை,
சாந்தி
பூச்சோங்